இறங்கும் ஊரில் விருந்தாளியாக நடப்போம்

சங்கத்தின் மாதக் கூட்டத்திலும் கல்யாண வரவேற்புகளிலும் சந்திக்கும் அன்பர்கள் சில மாதங்களாக என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கப்பல் எப்படி சார் இருந்தது?" 2025 செப்டம்பரில் நானும் என் நண்பரும் பார்சிலோனாவில் கப்பல் ஏறி, மத்தியதரைக் கடலில் ஏழு இரவுகள் சுற்றிவிட்டு, மறுபடியும் பார்சிலோனாவிலேயே இறங்கினோம். கப்பலில் எத்தனை மாடி, சாம்பார் கிடைத்ததா, தலை சுற்றியதா, மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்றெல்லாம் கேட்கிறார்கள். நானும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். ஆனால் இறங்கிய ஊர்கள் எப்படி இருந்தன, அந்த ஊர்க்காரர்கள் உங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் வெறும் ஊர்தி. பார்க்க வேண்டியது கரையில் இருக்கிறது. கரையில் கால் வைக்கிறவன் அந்த ஊருக்கு விருந்தாளி; விருந்தாளிக்குரிய அடக்கமும் கடமையும் அவனுக்கு உண்டு. பிறந்த ஊரை விட்டு வந்து இன்னொரு ஊரில் வாழ்க்கையை நடத்தும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்டி டிக்கெட் வாங்கியவுடன் நாமே இதை மறந்துவிடுகிறோம்.

நண்பரோடு ஏன்?

நான் மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவன். டிப்ளமோ முடித்து 1982-ல் மும்பைக்கு வந்தேன். நண்பர் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவர், கிர்காவ்மில் பிறந்த மராத்தியர். என்னை அவர் 'அண்ணா' என்பார். மும்பையில் தமிழனுக்கு அதுதானே பெயர்! நான் அவரை 'பாவு' என்பேன். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகப் புனேயில் இருந்தார். என் மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

பிள்ளைகள் அழைத்துப் போவார்கள் என்று காத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு லீவு கிடைக்கும்போது நம் முழங்கால் நம்மை விடாது. கப்பல் அறையின் கட்டணத்தைப் பொதுவாக இருவர் தங்குவதாக வைத்தே நிர்ணயிக்கிறார்கள். தனியாகப் போனால் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கட்ட வேண்டிவரும். மனைவியை இழந்தவருக்கும் தனியாக இருப்பவருக்கும் இது ஒரு தண்டனை மாதிரி. குறட்டையைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நண்பர் இருந்தால் அந்தச் செலவு குறைகிறது. பேச்சுத் துணையும் கிடைக்கிறது.

நடக்கும் நகரம்

கப்பலைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. பொறியியல் படித்தவனுக்கு அது ஒரு கண்காட்சி. அடித்தளத்தில் டீசல் எஞ்சின்கள் ஜெனரேட்டரைச் சுற்றுகின்றன. ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரம் மோட்டாரை ஓட்டுகிறது. நம் பழைய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினும் இதே தத்துவத்தில் ஓடியதுதான். அங்கே மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், இங்கே கப்பலின் அடியில் தொங்கும் கூட்டுக்குள் இருந்துகொண்டு விசிறியைச் சுற்றும். கூடு முழு வட்டமாகத் திரும்பக்கூடியது. அதனால் அவ்வளவு பெரிய கப்பல் இழுவைப் படகின் உதவி இல்லாமலே துறைமுகத்தில் பக்கவாட்டில் நகர்ந்து ஒட்டி நிற்பதைத் தினமும் காலையில் மேல்தளத்தில் நின்று பார்த்தேன். பாவு தூங்கிக்கொண்டிருப்பார்.

எங்கள் கப்பலில் ஏறத்தாழ நாலாயிரம் பயணிகள். அது ஒரு சிறு டவுன். விடிந்தது முதல் நள்ளிரவு வரை சாப்பாடு, கட்டணத்திலேயே அடக்கம். இந்தியப் பகுதியில் பருப்பும் சாதமும் கிடைத்தன. (சாம்பார் என்று பெயர் எழுதி ஒன்று வைத்திருந்தார்கள். அதைப்பற்றி மேற்கொண்டு எழுதுவது நாகரிகம் அல்ல.)

சமையல்கட்டில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பையன் ஒருவன் எங்கள் தமிழ்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க எந்த ஊரு?" என்று வந்து நின்றான். ஏறி ஏழு மாதம் ஆகிறதாம். நீ எந்த ஊரையெல்லாம் பார்த்தாய் என்று கேட்டேன். "வாரா வாரம் இதே ஊருக்குத்தான் வாரோம் ஐயா. ஆனா துறைமுக வாசலைத் தாண்டினது நாலஞ்சு தடவைதான்" என்றான். தங்கைக்குக் கல்யாணம் முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். நாம் தினமும் இறங்கிப் பார்த்த ஊர்களை, நமக்குச் சோறு வடித்தவன் பார்க்கவில்லை. அன்றுமுதல் பாவுவும் நானும் இறங்கும் இடத்தில் அசட்டையாக இருப்பதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம்.

இறங்குவது எப்படி?

கரைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கப்பல் நிறுவனமே விற்கும் கரைச் சுற்றுலா. பஸ், வழிகாட்டி, காதில் மாட்டும் கருவி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்னொன்று, நாமே இறங்கி உள்ளூர் பஸ்ஸிலோ ரயிலிலோ போவது. முதலாவதில் விலை அதிகம், ஆனால் ஒரு காப்பு இருக்கிறது. அவர்கள் பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் நமக்காகக் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு நம்மைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நாமே போய்த் தாமதித்தால் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். பிறகு நம் செலவில் துரத்திப் பிடிக்க வேண்டும்.

நாங்கள் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக யோசித்தோம். தூரம், ரயில் வசதி, பாவுவின் இடது முழங்கால் மூன்றையும் வைத்து முடிவு செய்தோம்.

பால்மா, மயோர்க்கா தீவின் தலைநகர். டவுன் பஸ் பிடித்து ஊருக்குள் போய், 1912-ல் தொடங்கிய சோயர் ரயிலில் ஏறினோம். 27 கிலோமீட்டர், 914 மில்லிமீட்டர் பாதை, மரப்பெட்டிகள், மலைக்குள் பதின்மூன்று குகைகள். மலைக்கு அந்தப்பக்கம் இருந்த சோயர் ஊர்க்காரர்கள் ஆரஞ்சு விளைவித்துக் கடல்வழியாகப் பிரான்சுக்கு விற்றவர்கள். சொந்தத் தீவின் தலைநகருக்குப் போவதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்காகப் போட்ட ரயில் இது. நம் நேரல் - மாத்தேரான் ரயில் (1907) இன்னும் குறுகலானது, 610 மில்லிமீட்டர். பாவு தண்டவாளத்தைப் பார்க்கவில்லை, ஆரஞ்சுத் தோட்டத்தைத்தான் பார்த்தார். சைவ அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த ஊரில் புகழ்பெற்ற என்சைமாடா என்ற சுருள் ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு.

மார்சேய், பிரான்சின் பழைய துறைமுகம். கிறிஸ்துவுக்கு முன் 600 வாக்கில் கிரேக்கர்கள் அமைத்தது. ஒரு காலத்தில் பம்பாய் பாலார்டு பியரிலிருந்து கிளம்பிய பி அண்ட் ஓ தபால் கப்பல்கள் இங்கே நிற்கும். அவசரக்காரர்கள் இறங்கி ரயிலில் லண்டன் போவார்கள். 1914 செப்டம்பரில் முதல் உலகப் போருக்காக இந்தியப் படைகள் ஐரோப்பாவில் முதலில் இறங்கியதும் இங்கேதான். அங்கே நாங்கள் எந்தச் சுற்றுலாவும் வாங்கவில்லை. பழைய துறைமுகத்திலிருந்து 60-ஆம் எண் டவுன் பஸ்ஸில் குன்றின்மேல் உள்ள மாதா கோயிலுக்குப் போனோம். பாவுவின் முழங்கால் அந்த பஸ்ஸுக்கு நன்றி சொன்னது.

லா ஸ்பெசியாவில் இறங்குபவர்களைப் பெரும்பாலும் பைசாவுக்கும் பிளாரன்சுக்கும் பஸ்ஸில் ஏற்றிப் போகிறார்கள். நாங்கள் பத்து நிமிட ரயில் தூரத்தில் இருக்கும் சிங்குவே தெர்ரே, அதாவது ஐந்து கிராமங்களுக்குப் போனோம். கடலோரச் செங்குத்துப் பாறையைக் குடைந்து 1870-களில் போட்ட பாதை. ஒரு குகையை விட்டு ரயில் வெளியே வந்ததும் ஸ்டேஷன். மூச்சு விடுவதற்குள் அடுத்த குகை. நம் போர் காட் பாதை 1863-ல் திறந்தது. மழைக்காலத்தில் அங்கே பாறை உருளும் இடங்களில் இரவெல்லாம் ரோந்து போனவனுக்கு இந்தப் பாதையின் அருமை தெரியும். அந்த மலைச் சரிவு முழுதும் சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள், திராட்சைக் கொடிகள். அந்தச் சுவர்களைப் பராமரிக்க ஆள் குறைந்தால் சரிவு இடிகிறது. கிராமத்தில் ஆள் குறைகிறது, நடைபாதையில் எங்களைப் போன்றவர்கள் கூடுகிறோம். மதியம் லா ஸ்பெசியாவுக்குத் திரும்பி, கொண்டைக்கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சுட்ட 'பரினாட்டா' வாங்கிச் சாப்பிட்டோம். பாவு, "இது நம்ம பேசன் போளிதானே?" என்றார். எனக்கு அடை ஞாபகம் வந்தது.

ரோமுக்கு மட்டும் கப்பலின் பஸ்ஸில் போனோம். துறைமுகமான சிவிட்டாவேக்கியாவிலிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ரயில் உண்டு, அதுவும் சான் பியெத்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் வாட்டிகன் நடக்கும் தூரம். ஆனால் இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வம் அல்ல. 2025 கத்தோலிக்கர்களின் ஜூபிலி ஆண்டு என்பதால் கூட்டமும் அதிகம். முழங்கால் வலியோடு ஓடிப் பிடிக்க முடியாது. ஆகவே பஸ். பஸ் சரியான நேரத்துக்கு எங்களைத் திருப்பிச் சேர்த்தது, அதில் குறை இல்லை. ஆனால் நாற்பத்தைந்து பேர் ஒரு கொடியின் பின்னால் ஊர்ந்து ஒரு குறுகிய தெருவில் நிற்கும்போது, கையில் காய்கறிப் பையோடு வந்த ஒரு மூதாட்டி எங்களைத் தாண்ட வழியில்லாமல் நின்றார். வழிகாட்டி பேசி முடிக்கும்வரை நின்றார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, பழகிய சலிப்புதான் இருந்தது. தாதர் ஸ்டேஷன் பாலத்தில் மாலை ஆறு மணிக்கு நம் முகத்தில் இருக்குமே, அது.

நேப்பிள்சில் மெட்ரோவில் கரிபால்டி வரை போய், அங்கிருந்து பாம்பெய்க்குச் சிறு ரயில். 950 மில்லிமீட்டர் பாதை, நம் மீட்டர்கேஜுக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைவு. கூட்டமும் தள்ளுமுள்ளும் நம் லோக்கல் ரயிலுக்குச் சித்தப்பா பிள்ளை. கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடித்துப் புதைத்த ஊர் பாம்பெய். அங்கே இந்தியத் தந்தச் சிலை ஒன்று 1938-ல் கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிளகுக்காகவும் துணிமணிக்காகவும் ரோமாபுரிப் பணம் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று புலம்பிய பிளினி, அந்த எரிமலை வெடிப்பில்தான் அருகில் உள்ள ஸ்டேபியே கரையில் மாண்டார். அந்த மிளகு பெரும்பாலும் சேர நாட்டு முசிறியில் கப்பல் ஏறியது. நம் பக்கத்துச் சரக்கு அந்தக் கரைக்குப் போன காலத்திலேயே, வாங்குகிறவன், விற்கிறவன், வருகிறவன், இருக்கிறவன் என்ற கணக்கு இருந்திருக்கிறது.

சுவரில் எழுதியிருந்தது

கடைசி நாள் பார்சிலோனாவில் இறங்கி, பெட்டிகளை ஓட்டலில் வைத்துவிட்டு, மாலையில் பழைய நகரத்துச் சந்துகளில் நடந்தோம். ஒரு சுவரில் ஆங்கிலத்தில் கறுப்பு மையால், சுற்றுலாக்காரர்களே, வீட்டுக்குப் போங்கள் என்று எழுதியிருந்தது. நான் நின்றுவிட்டேன். 1960-களின் இறுதியில் மும்பையில் தென்னிந்தியர்களைப் பார்த்து எழுந்த குரல்களைப் பற்றி மாதுங்கா பெரியவர்கள் எனக்குச் சொன்னதெல்லாம் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தது.

"பாவம், என்ன கோபம் பாருங்கள்" என்றேன். பாவு சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. எனக்கு இந்த எழுத்து புரிகிறது. நான் பிறந்த சாலில் இருபத்திரண்டு குடும்பம் இருந்தது. இன்று அந்த இடத்தில் கோபுரம் நிற்கிறது. அதில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. எல்லாரும் பத்லாப்பூர் போய்விட்டோம்" என்றார்.

நாற்பது ஆண்டு நட்பில் அவர் இதை என்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை. வந்தவனாகிய என்னிடம், இருந்தவராகிய அவர் சொன்னார். எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தை என்னை யோசிக்க வைத்தது. இந்தக் கட்டுரையை எழுதவும் வைத்தது.

பார்சிலோனாக்காரர்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. வீடுகள் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்குப் போவதால் ஊர்க்காரர்களுக்கு வாடகை ஏறுகிறது. அப்படிப்பட்ட 10,101 குடியிருப்புகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப்போவதாக மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். அடுத்த மாதமே சுற்றுலாக்காரர்கள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்து ஊர்வலம் நடந்தது. 2025 ஜூலையில் கப்பல் முனையங்களை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க நகராட்சியும் துறைமுகமும் ஒப்பந்தம் செய்தன. வெனிஸ் 2021 ஆகஸ்டு முதல் பெரிய கப்பல்களை நகரத்தின் நடுவே செல்லும் கால்வாயில் விடுவதில்லை. 2024-ல் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேர வருகையாளருக்கு நுழைவுக் கட்டணமும் போட்டது. பால்மாவில் 2022 முதல் ஒரு நாளைக்கு மூன்று கப்பல்கள் என்று வரம்பு. கிரேக்க நாட்டின் சாந்தோரினியிலும் மைக்கோனோசிலும் 2025 ஜூலை முதல், கூட்டம் மிகும் மாதங்களில் இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் 20 யூரோ. பாம்பெய்யில் 2024 நவம்பர் முதல் நாளுக்கு 20,000 பேர்தான். புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மத்தியதரைக் கடலில் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2025 மே 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது.

வந்து வாழ்பவனும் வந்து பார்ப்பவனும்

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிழைக்க வந்தவனைப் பார்த்துத் திரும்பிப் போ என்பதும், வேடிக்கை பார்க்க வந்தவனைப் பார்த்துச் சொல்வதும் ஒன்றல்ல. நாம் மும்பைக்கு வந்தோம். தண்டவாளம் போட்டோம், தட்டச்சு செய்தோம், இட்லி விற்றோம், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னோம். அரைகுறையாகவாவது மராத்தி கற்றோம். வரி கட்டினோம். வெள்ளம் வந்தபோது இந்த ஊர்க்காரர்களோடு நாமும் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். எடுத்ததற்குத் திருப்பிக் கொடுத்தோம். அதனால்தான் இன்று தலை நிமிர்ந்து இது என் ஊரும்தான் என்கிறோம்.

கப்பல் பயணி காலையில் எட்டு மணிக்கு இறங்குகிறான். தெருவை அடைக்கிறான். படம் எடுக்கிறான். மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுகிறான், அங்கேதான் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றே! படுக்கையும் கப்பலில்தான். இரவு ஓட்டலில் தங்குகிறவன் விட்டுப்போகும் காசில் ஒரு சிறு பங்குகூட இவனிடமிருந்து அந்த ஊருக்குப் போவதில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவன் மூன்று மணி நேர விருந்தாளி. ஆனால் நாலாயிரம் பேராக வருகிறான், தினமும் வருகிறான்.

பாவு இதற்கு ஒரு மறுப்புச் சொன்னார். கணக்குப் பிரிவுக்காரர் அல்லவா? "துறைமுகக் கட்டணம் டிக்கெட்டிலேயே பிடிக்கிறார்கள். அந்த ஊரில் பஸ் ஓட்டுபவர், வழிகாட்டி எல்லாருக்கும் இதில்தான் பிழைப்பு. கப்பலை நிறுத்தினால் அவர்கள் எங்கே போவார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. ஆகவேதான் போகாதீர்கள் என்று நான் எழுதவில்லை. போகிற விதத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறேன். வரம்பும் கட்டணமும் விதிப்பது அந்த ஊர்க்காரர்களின் உரிமை. அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் கட்டுவது நம் மரியாதை. இருபது யூரோவுக்குப் புலம்புகிற அன்பர், மொத்தச் செலவில் அது எத்தனை பங்கு என்று ஒரு நிமிடம் கணக்குப் போடட்டும்.

போகிறவர்களுக்கு

அனுபவத்தில் கண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

நடக்கும் தூரத்திலும் அரை மணி ரயில் தூரத்திலும் உள்ள ஊர்களுக்கு நாமே போகலாம். ரோம், பிளாரன்ஸ் போன்று தொலைவில் இருப்பவற்றுக்கும், உடம்பு முடியாதவர்களுக்கும் கப்பலின் பஸ்தான் நல்லது. அப்போதும் சிறிய குழுவாகப் போகும் சுற்றுலா இருந்தால், காசு கூடினாலும் அதையே எடுங்கள். தெருவை அடைக்காமல் ஓரமாக நில்லுங்கள்.

கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்க்காதீர்கள், கடைசியாக ஏற வேண்டிய நேரத்தைப் பாருங்கள். அது அரை மணியோ ஒரு மணியோ முன்னால் இருக்கும். தனியாகப் போனால் அதற்கும் ஒன்றரை மணி முன்பே துறைமுகத்தில் இருக்கும்படி திரும்பிவிடுங்கள். இத்தாலியில் காகித ரயில் டிக்கெட்டை ஏறுமுன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

மதியச் சாப்பாட்டை ஊரில் சாப்பிடுங்கள். கப்பலில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று மனம் சொல்லும். ஒரு பிட்ஸா, ஒரு காபி, அந்த ஊர்ப் பழக்கடையில் நாலு ஆரஞ்சு. பெரிய தொகை ஆகாது. ஆனால் அதுதான் அந்த ஊரோடு நமக்குள்ள உறவு. பாட்டி ஒருத்தி கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடையாகப் பார்த்து நுழைந்தோம். ஒரு தடவையும் ஏமாறவில்லை.

நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், எவ்வளவு. நான் மும்பை வந்தபோது முதலில் கற்றதும் இந்த நாலுதான். நேப்பிள்ஸ் ரயிலில் நான் 'கிராட்சியே' என்றதும், அதுவரை முகம் கடுத்திருந்த பெரியவர் நகர்ந்து பாவுவுக்கு இடம் கொடுத்தார். வார்த்தைக்குப் பலன் உடனே கிடைத்தது!

விசாவைப் பற்றி. எங்கள் பயணத்தில் எல்லாத் துறைமுகங்களும் ஷெங்கன் நாடுகளில் இருந்ததால் ஒரே விசா போதுமானது; பார்சிலோனாவில் கூடுதல் நாட்கள் தங்கியதால் ஸ்பெயினுக்கு விண்ணப்பித்தோம். வழியில் துருக்கி, துனிசியா போன்ற நாடுகள் வந்தால் மறுபடி நுழைய அனுமதிக்கும் விசா தேவை. 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நம் வயதில் அது சட்டத்துக்காக மட்டும் அல்ல, நிம்மதிக்காகவும் வேண்டும்.

இன்னொன்று. கப்பலில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை தமிழில் பேசுங்கள். அதற்குச் செலவே இல்லை.

நாளை நம் வாசலில்

இதெல்லாம் ஐரோப்பாக்காரர்களின் பிரச்சினை என்று இருந்துவிட முடியாது. 2025 செப்டம்பரில், நாங்கள் பயணம் போன அதே மாதம், பாலார்டு பியரில் மும்பையின் புதிய சர்வதேசக் கப்பல் பயண முனையம் துவக்கி வைக்கப்பட்டது. நல்ல செய்திதான். டாக்சிக்காரருக்கும் கொலாபா கடைக்காரருக்கும் வருமானம் வரும். ஆனால் நாளை நாலாயிரம் பேர் ஒரே காலையில் இறங்கி, கோட்டைப் பகுதியின் நடைபாதையையும் தாராவியின் சந்துகளையும் கொடிக்குப் பின்னால் ஊர்ந்து படம் எடுக்கும்போது நாம் என்ன நினைப்போம்? நம் வீட்டு வாசலில் கோலம் போடுகிறவளைக் கேட்காமல் படம் எடுத்தால் பொறுப்போமா? அன்று அவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை இன்று நாம் போகிற ஊரில் காட்டுவோம்.

இந்த மும்பையில் நம்மை ஏற்றுக்கொண்ட பாவுகளுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் இதுவே. வந்த இடத்தில் எப்படி நடப்பது என்பதை நம்மைவிட அதிக காலம் பயின்றவர்கள் அதிகம் பேர் இல்லை. அந்தப் படிப்பை விமான நிலையத்தில் பெட்டியோடு ஒப்படைத்துவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். நல்ல நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய் வாருங்கள்.